ஃபோர்ஹேண்ட் எறிந்தால் தட்டு ஏன் நடுங்குகிறது? பழகியவர்கள் சொல்லுங்கள்

மணற்குருவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு காலையில் அல்டிமேட் (ஃப்ரிஸ்பி என்கிற பறக்கும் தட்டை எறிந்து கைமாற்றி இரண்டு அணிகள் ஆடும் ஆட்டம்) ஆடும் ஒரு குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிகிற பேக்ஹேண்ட் ஓரளவு பிடிபட்டுவிட்டது, எதிரே நிற்பவர் கைக்கு நேராகப் போய்ச் சேருகிறது. எறிகிற கையின் பக்கத்திலிருந்தே சுண்டி விடுகிற ஃபோர்ஹேண்ட்தான் வழிக்கு வரவே மாட்டேன் என்கிறது. கையை விட்டதும் தட்டு கிடுகிடுவென்று நடுங்குகிறது, பாதி தூரம் போனதும் வலது விளிம்பு மேலே எழும்பி, அப்படியே இடது பக்கம் சாய்ந்து மணலில் குத்துகிறது. நான் வலது கைக்காரன். பலம் போதவில்லையோ என்று இன்னும் ஓங்கி எறிந்தால் இன்னும் சீக்கிரமாகக் கவிழ்கிறது, அதுதான் புரியவே இல்லை.

வீட்டுப் பக்கத்துத் திடலில் பழகுவதற்கு ஒரு தட்டு வாங்கி வைத்திருக்கிறேன், பொம்மைக் கடையில் கிடைத்தது, கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதில் பழகினால் போதுமா? தோளிலும் லேசாக வலி இருக்கிறது. எங்கே இருந்து தொடங்குவது என்று யாராவது பொறுமையாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கரைக்காற்று எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பொம்மைத் தட்டை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அல்டிமேட் ஆடுவது 175 கிராம் தட்டில், குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர். எடை குறைந்த தட்டு லேசான காற்றிலேயே அல்லாடும், அதன் விளிம்பும் மெலிசாக இருப்பதால் ஃபோர்ஹேண்டில் விரல் ஊன்ற இடமே இருக்காது. அதில் எத்தனை மாதம் பழகினாலும் கைக்கு வேறு கணக்குதான் பதியும். நிறையப் பேர் ஆடுவது டிஸ்கிராஃப்ட் அல்ட்ராஸ்டார், அதையே வாங்கிக்கொள்ளலாம். புதிதாக வாங்க மனமில்லை என்றால் உங்கள் குழுவிலேயே யாரிடமாவது பழைய தட்டு ஒன்று சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள், கண்டிப்பாகக் கொடுப்பார்கள்.

இப்போது பிடி. உள்ளங்கை வானத்தைப் பார்க்கட்டும். நடுவிரலின் சதைப்பகுதி தட்டின் அடியில் விளிம்பின் உட்சுவரை அழுத்த வேண்டும், ஃபோர்ஹேண்டின் உயிர் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஆட்காட்டி விரலைத் தட்டின் நடுவை நோக்கி நீட்டி அடியில் தாங்கலாகக் கொடுங்கள், கட்டைவிரல் மேலே. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி விளிம்புக்கு வெளியே ஒட்டி இருக்கும். தட்டை அசைத்துப் பார்த்தால் மணிக்கட்டோடு சேர்ந்து அசைய வேண்டும், விரல்களுக்கு நடுவே தனியாக ஆடக்கூடாது.

எறிவதற்குக் கை பலம் வேண்டாம். முழங்கையை விலா எலும்பை ஒட்டி வைத்து, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் பின்னால் மடக்கிச் சுண்டுங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் யாரையும் நிறுத்தாதீர்கள். அந்த ஐந்து மீட்டரைத் தட்டு நடுங்காமல் கடக்கிறவரைக்கும் தூரத்தைக் கூட்ட வேண்டாம். தோள் வலி வருவதே நீங்கள் கையால் தள்ளுவதால்தான். மணிக்கட்டு வேலை செய்யத் தொடங்கினால் தோளுக்கு வேலையே குறைந்துவிடும், வலியும் தானே அடங்கிவிடும். அடங்காமல் நாளுக்கு நாள் கூடினால் மட்டும் எறிவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, எறிந்து முடித்த பிறகு உங்கள் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். கீழே பார்த்தால், தட்டு விரலை விட்டுப் போகும் கணத்தில் மணிக்கட்டு புரள்கிறது என்று அர்த்தம், வலது விளிம்பை எழுப்பிவிடுவது அதுதான். எறிந்து முடிந்த பிறகும் உள்ளங்கை வானத்தையே பார்க்கட்டும்.

நெய்தல் எழுதியது:

அண்ணா சொன்ன எல்லாவற்றுக்கும் சரி, அந்த ஆட்காட்டி விரல் விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. விரலைப் பிரித்து வைக்கும் பிடியில் தட்டு அடங்கி நிற்கும், தொடக்கத்தில் தைரியம் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்காட்டி விரல் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்பதால் மணிக்கட்டு முழுசாகப் பின்னால் மடங்காது. மடங்காவிட்டால் சுண்டுவது குறைகிறது, சுழற்சியும் குறைகிறது. எனக்குக் கை சின்னது, அந்தப் பிடியில் சுழற்சி வரவே இல்லை. இரண்டு விரலையும் ஒட்டி வைத்து இரண்டையும் உட்சுவரில் அழுத்திய பிறகுதான் தட்டு விர்ரென்று சத்தத்தோடு கிளம்பியது. முதலில் கொஞ்ச நாள் தட்டின் முன்பக்கம் தொங்கும், கட்டைவிரலை நன்றாக அழுத்தினால் அதுவும் சரியாகிவிடும். முதலில் ஒரு பிடி, அப்புறம் வேறு பிடி என்று மாற்றுவது இரண்டு தடவை படிக்கிற வேலை. நான் சொல்லிக்கொடுக்கும் பெண் பிள்ளைகளுக்கு முதல் நாளே இரண்டு விரலையும் ஒட்டித்தான் வைக்கச் சொல்கிறேன்.

கரைக்காற்று எழுதியது:

கை சிறியதாக இருந்தால் நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. ஆனாலும் தட்டு அடங்கி நிற்காதபோது புதியவர்களுக்குப் பயம் வந்து, அதை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இறுக்கிப் பிடித்த கையில் மணிக்கட்டு விறைத்துவிடும், அதற்குப் பிரித்த விரலே மேல் என்பேன். தம்பி, இரண்டையும் பிடித்துப் பாருங்கள், எதில் நடுங்காமல் போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுழல்விசை எழுதியது:

நான் இயற்பியல் ஆசிரியர், திருச்சி. ஓங்கி எறிந்தால் சீக்கிரம் கவிழ்வது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, இதற்கு யாரும் பதில் சொல்லாமல் கடந்துபோனது எனக்கு வருத்தம்.

பறக்கும் தட்டுக்கு இரண்டு விஷயம் வேண்டும். முன்னோக்கிய வேகம் இருந்தால் காற்று அதைத் தூக்கும். சுழற்சி இருந்தால் அது கவிழாமல் நிற்கும், பம்பரம் சுழலும்வரை நிற்கிற அதே காரணம்தான். சிக்கல் எங்கே என்றால், காற்று தூக்கும் விசை தட்டின் நட்டநடுவில் விழுவதில்லை. தட்டு வேகமாக, கிட்டத்தட்ட மட்டமாகப் போகும்போது அந்த விசை நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. வேகம் குறைந்து முன்விளிம்பு நிமிரும்போது நடுவுக்கு முன்னால் வந்துவிடுகிறது. சுழலாத பொருளாக இருந்தால் முன்னாலோ பின்னாலோ குட்டிக்கரணம் போட்டுவிடும். சுழல்கிற பொருளில் அந்த விளைவு கால் சுற்றுத் தள்ளி வெளிப்படும், அதாவது முன்பின்னாகக் கவிழ வேண்டியது இடவலமாகச் சாய்கிறது.

வலது கை ஃபோர்ஹேண்டில் தட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் வேகம் மிகுந்த தொடக்கத்தில் இடது பக்கம் சாயப் பார்க்கும், வேகம் அடங்கும் கடைசியில் வலது பக்கம் சாயும். பேக்ஹேண்டில் எல்லாம் தலைகீழ். எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதைத் தீர்மானிப்பது சுழற்சி. சுழற்சி கூடினால் சாய்வது மெதுவாகும். நீங்கள் பலத்தைக் கூட்டும்போது முன்வேகம் மட்டும் கூடுகிறது, மணிக்கட்டு சுண்டாததால் சுழற்சி கூடுவதில்லை. கவிழ்க்கிற விசை அதிகம், தாங்குகிற சுழற்சி குறைவு. அதனால்தான் ஓங்க ஓங்கச் சீக்கிரம் கவிழ்கிறது.

நடுக்கமும் இதனோடு சேர்ந்ததுதான். சுழல் அச்சும் தட்டின் அச்சும் ஒன்றாக இல்லாமல் விரலை விட்டுக் கிளம்பினால் தட்டு ஆடும். சுழற்சி நன்றாக இருந்தால் அந்த ஆட்டம் பறக்கப் பறக்க அடங்கிவிடும். ஒரு சின்ன யோசனை: தட்டின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு எறியுங்கள். டேப் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் சுழற்சி போதவில்லை. நல்ல சுழற்சியில் அது வளையமாக மங்கிவிடும்.

கரைக்காற்று எழுதியது:

ஐயா, இந்த விளக்கத்துக்கு ரொம்ப நன்றி. களத்தில் நாங்கள் "வெளி விளிம்பைத் தாழ்த்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். தம்பி, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஹேண்டில் வலது விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி விட்டால், தொடக்கத்தில் அது இடதுபக்கம் சாயப் பார்க்கும்போது மட்டத்துக்கு வந்து நேராகப் போகும். தாழ்த்துவதற்குக் கையை முறுக்காதீர்கள், இடுப்பிலிருந்து வலது பக்கம் சாய்ந்து, வலது காலை எட்டி வைத்து முழங்காலை மடக்குங்கள், விளிம்பு தானே தாழும்.

ஆடுகளம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆசை. நடுவர் இல்லாமல் பிள்ளைகளே தவறைச் சொல்லி, பேசித் தீர்த்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் என்று கேள்விப்பட்டதும் ஆசை கூடிவிட்டது, எங்கள் பள்ளியில் கபடியிலும் கால்பந்திலும் நடக்கிற சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 175 கிராம் தட்டு அந்த வயதுக்குக் கனமா? பிள்ளைகள் தட்டு முகத்தில் பட்டுவிடும் என்று பயந்து ஒதுங்குகிறார்கள், அதற்கு என்ன செய்வது?

நெய்தல் எழுதியது:

சார், அந்த வயதுக்கு ஜே-ஸ்டார் என்று 145 கிராமில் ஒரு தட்டு உண்டு, கைக்கு அடக்கமாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் 175 கிராமிலேயே தொடங்கலாம், கெடுதல் ஒன்றுமில்லை, தூரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பயம் போக வேண்டும் என்றால் எறிவதற்கு முன்னால் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, நடுவில் தட்டு வரும்போது கைதட்டுகிற மாதிரி இரண்டையும் சேர்ப்பது. நெஞ்சுக்கு நேரே வருவதை எல்லாம் இப்படித்தான் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே வந்தால் கட்டைவிரல் கீழே இருக்க, முழங்காலுக்குக் கீழே வந்தால் கட்டைவிரல் மேலே இருக்க, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடிக்கலாம். பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி முதல் வகுப்பு முழுக்கத் தட்டை மெல்லக் கைமாற்ற விடுங்கள். யார் அதிக தூரம் எறிகிறார்கள் என்ற போட்டியை மட்டும் முதல் நாளே வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. வைத்தால் எல்லாரும் கையால் வீசிப் பழகிவிடுவார்கள், அப்புறம் அதை மாற்ற நாம் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. யார் தட்டு நடுங்காமல் போகிறது என்று போட்டி வையுங்கள்.

பேக்ஹேண்டுக்கு விரல்களை அடியில் விசிறி போல விரித்துத் தொடங்கட்டும், தட்டு மட்டமாக நிற்கும். கை பழகிய பிறகு நான்கு விரலையும் மடக்கி விளிம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர்களே பள்ளி மாணவர்கள்தான் சார், 1968இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட் ஊரிலுள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

பனிக்கரை எழுதியது:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே தீவுப் பூங்காவில் டிஸ்க் கால்ஃப் ஆடுவேன், மரங்களுக்கு நடுவே எறிந்து சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்கிற ஆட்டம். இணையத்தில் டிஸ்க் கால்ஃப் காணொளி பார்த்துவிட்டு அந்தத் தட்டை வாங்கி அல்டிமேட் பழகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவை குறுக்களவில் சிறியவை, தூரம் போகிற டிரைவர் தட்டுகளின் விளிம்பு கூர்மையானது, பிடிப்பதற்காகச் செய்தவை அல்ல. வேகம் இல்லாமல் எறிந்தால் உடனே ஒரு பக்கம் சரிந்துவிடும். நல்ல வேகம் வந்த கைக்குத்தான் அவை அடங்கும். 2016இல் டேவிட் விக்கின்ஸ் 338 மீட்டர் எறிந்த உலக சாதனை அந்த வகைத் தட்டில், நெவாடா பாலைவனக் காற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு செய்தது.

டிஸ்க் கால்ஃப் கூடையைச் செய்த எட் ஹெட்ரிக்தான் இன்றைய தட்டின் மேலே இருக்கும் வட்ட வரிகளுக்கும் காப்புரிமை வாங்கியவர், 1967இல். அதற்கு முன்பு ஃப்ரெட் மாரிசன் செய்த தட்டு 1957இலேயே வாமோ நிறுவனத்துக்குப் போயிருந்தது. மாரிசன் சாண்டா மோனிகா கடற்கரையில் 5 சென்ட் கேக் தட்டை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து 25 சென்ட்டுக்குக் கேட்டாராம், வியாபார யோசனை அங்கேதான் பிறந்தது. மணல் இந்தத் தட்டுக்குப் பழைய உறவு.

மணற்குருவி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் ஒரு அக்கா பழைய 175 கிராம் தட்டு ஒன்றைக் கொடுத்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து மீட்டரில் மட்டும் எறிந்து வருகிறேன், இரண்டு விரலையும் ஒட்டி வைக்கிற பிடிதான் எனக்கு ஒத்துவருகிறது. சிவப்பு டேப் யோசனை அருமை, நடுக்கம் இல்லாத எறியில் வளையம் தெரிகிறது, சொதப்பிய எறியில் டேப் தனியாகத் துள்ளுகிறது, யாரும் சொல்லாமலே எனக்கே தெரிந்துவிடுகிறது. தோள் வலியும் போய்விட்டது.

இப்போது வேறு கேள்வி. காலையில் நன்றாகப் போகிற அதே எறி மாலையில் போனால் எங்கேயோ பறக்கிறது. அதிலும் ஊரூர் குப்பம் பக்கம் பார்த்து எறிந்தால் ஒரு மாதிரி, அஷ்டலட்சுமி கோவில் பக்கம் பார்த்து எறிந்தால் வேறு மாதிரி.

கரைக்காற்று எழுதியது:

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் தம்பி. சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் ஏறும். விடியற்காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்று, அதனால்தான் பழகுவதற்குக் காலை நேரம். கடற்கரை ஆட்டத்தில் களம் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், அதைக் கரையோடு நீளவாக்கில் போடுவதால் மாலையில் காற்று களத்துக்குக் குறுக்கே வருகிறது.

குப்பம் பக்கம், அதாவது வடக்கே பார்த்து நின்றால் கடல் உங்கள் வலது கைப்பக்கம். ஃபோர்ஹேண்டில் வலது விளிம்பைத் தாழ்த்துகிறீர்கள், காற்று தட்டின் முதுகில் மோதிக் கீழே அமுக்குகிறது, எறி குறைந்துபோகிறது. கோவில் பக்கம் பார்த்து நின்றால் கடல் இடது பக்கம். அதே தாழ்த்தலில் கடல் பக்கத்து விளிம்பு தூக்கி இருக்கும், காற்று அடியில் புகுந்து தூக்கி ஊருக்குள் கொண்டுபோய்விடும். அதனால் வடக்கே எறியும்போது கொஞ்சம் மட்டமாக விடுங்கள், தெற்கே எறியும்போது தாழ்வாக, நன்றாகச் சுண்டி, குறைந்த தூரத்துக்கு விடுங்கள்.

எதிர்காற்று தட்டைத் தூக்கும், பின்காற்று கீழே தள்ளும், நம் நினைப்புக்கு நேர் எதிர். எதிர்காற்றில் ஓங்கி எறிய வேண்டும் என்று கை துடிக்கும், துடித்தாலும் விடாதீர்கள். முன்விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, சுழற்சியைக் கூட்டி, சாதாரண வேகத்தில் விட்டாலே போதும். காற்றில் சின்ன நடுக்கம்கூடப் பெரிதாகிவிடும், ஐந்து மீட்டரில் அவ்வளவு நேரம் நிற்கச் சொன்னது இதற்காகத்தான்.

நெய்தல் எழுதியது:

ஐந்து மீட்டரில் சரியாக வந்துவிட்டது என்றால் அடுத்ததாக எதிரே ஒருவரை நிறுத்திப் பழகுங்கள். ஆட்டத்தில் தட்டு கையில் இருக்கும்போது ஓட முடியாது, ஒரு காலை ஊன்றி மறு காலைத்தான் நகர்த்தலாம், மார்க்கர், அதாவது உங்களை மறிக்கிற எதிரணி ஆள், எதிரில் நின்று பத்து வரை எண்ணுவார். அவர் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு மறு பக்கம் மட்டும் எறியவிடுவார். பேக்ஹேண்ட் மட்டும் தெரிந்தவரை எல்லாரும் பேக்ஹேண்ட் பக்கம்தான் அடைப்பார்கள், அப்புறம் அவர் கையில் தட்டு வந்தாலே ஆட்டம் நின்றுபோகும். அதனால் நேராக நின்று எறிவதை விட்டுவிட்டு, ஊன்றிய காலிலிருந்து எட்டி வைத்து, தாழ்ந்து எறிகிற பயிற்சிக்குப் போங்கள். பேக்ஹேண்ட் போவது போல் காட்டி, மார்க்கர் அசைந்ததும் இந்தப் பக்கம் வந்து ஃபோர்ஹேண்ட் விடுவது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த கணமே அதுதான்.

புளியமரம் எழுதியது:

நான் இடதுகைக்காரி. மேலே சொன்னதை எல்லாம் இடவலம் மாற்றிப் படித்தால் சரியா? தலைக்கு மேலே ஓங்கி எறிகிறார்களே, தட்டு குப்புறப் பறந்து வருகிறதே, அதையும் இப்போதே பழகலாமா?

நெய்தல் எழுதியது:

இடவலம் மாற்றினால் எல்லாம் பொருந்தும், காற்றுக் கணக்கும் சேர்த்து. உங்கள் குழுவுக்கு நீங்கள் பெரிய வரம், மார்க்கர்கள் வலது கைக்குப் பழகியிருப்பார்கள், திணறுவார்கள். தலைக்கு மேல் எறிவது ஹாமர். பிடி ஃபோர்ஹேண்டின் பிடியேதான், அதனால் ஃபோர்ஹேண்ட் நிலைத்த பிறகு அதைத் தொட்டால் சீக்கிரம் வரும். முன்னாலேயே தொட்டால் தோள்தான் வலிக்கும்.

மணற்குருவி எழுதியது:

கடைசியாக ஒன்று. நடுவிரலின் உட்பக்கம் தோல் உரிந்து எரிகிறது. எல்லாருக்கும் இப்படித்தானா?

கரைக்காற்று எழுதியது:

ஃபோர்ஹேண்ட் பழகுகிற எல்லாருக்கும் வரும், விரல் அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்துகிறது என்று அர்த்தம். மணல் ஒட்டியிருந்தால் இன்னும் அறுக்கும், எறிவதற்கு முன் தட்டின் உட்பக்கத்தைச் சட்டையில் துடைத்துக்கொள்ளுங்கள். காயம் ஆறும்வரை மருந்துக் கடை டேப்பை ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள், தடிமனாகச் சுற்றினால் விளிம்பு விரலுக்குத் தெரியாது. பழைய தட்டு என்றீர்களே, விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் விழுந்து பிசிறு எழும்பியிருக்கும். நைசான உப்புத்தாளை நனைத்து அந்த இடத்தில் மட்டும் லேசாகத் தேய்த்தால் போதும்.